அடுத்த ஞாயிறு வேதபாடம் உங்களுக்கா? பகுதியைக் கண்டுபிடிப்பது முதல் வாசித்து முடிப்பது வரை

ஆராதனை முடிந்து சனம் கலையும் நேரத்தில் ஐயர் (சபைப் போதகர்) உங்களைப் பார்த்து, "தம்பி, வர்ற ஞாயிறு பழைய ஏற்பாட்டுப் பாடம் நீங்க வாசிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எந்தப் பகுதி, அதை ஏன் அன்றைக்கு வாசிக்கிறோம், யார் தீர்மானித்தது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பில் விட்டுவிடுகிறார்கள். திடப்படுத்தல் முடித்த பிள்ளைகளுக்கும், வேறு ஊரிலிருந்தோ வேறு சபையிலிருந்தோ வந்து சேர்ந்தவர்களுக்கும், திருமணமாகி இங்கே வந்த மருமகள்களுக்கும் இது தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வேதபாடத்தை ஐயரோ சாமியாரோ தம் விருப்பத்துக்கு எடுத்துக் கொடுப்பதில்லை. அதற்கு ஓர் அட்டவணை உண்டு. பிரசங்கியாருக்குப் பிடித்த பத்துப் பன்னிரண்டு அதிகாரங்களுக்குள் ஒரு சபை காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத் திருச்சபை தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. ஆறுதல் வசனங்கள் மட்டுமே காதில் விழுந்தால் போதும் என்று நினைக்கிற சபைக்கு ஆமோஸையும் எரேமியாவையும் கொண்டுவந்து நிறுத்துவது அந்த அட்டவணைதான். அதன் போக்கு புரிந்தவர் வாசிக்கும்போது கேட்பவர்களுக்கும் புரிகிறது. அதனால்தான் உச்சரிப்பு, குரல், மைக் பற்றியெல்லாம் பேசுவதற்கு முன்னால் அட்டவணையைப் பற்றி அதிகம் பேசப்போகிறேன்.

உங்கள் சபை எதைப் பின்பற்றுகிறது?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாக இருந்தால் ஆண்டுதோறும் அச்சாகி வரும் அல்மனாக்கைப் பாருங்கள். பெரியவர்கள் அதைப் பஞ்சாங்கம் என்பார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு தலைப்பு, பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், சங்கீதம் என்று வரிசையாகக் கொடுத்திருக்கும். சேகரகுருவிடமும் சபை ஊழியரிடமும் ஒரு பிரதி கட்டாயம் இருக்கும். நீங்களும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கப் பங்காக இருந்தால் திருப்பலி வாசக நூல் கோயிலிலேயே இருக்கிறது. அதில் பகுதி முழுவதும் அச்சாகியிருப்பதால் தேடி எடுக்கிற வேலை இல்லை. இந்த வாரம் எந்த அன்பியத்தின் (பங்குக்குள் இருக்கும் சிறு குடும்பக் குழு) முறை என்று பார்த்து, அந்த அன்பியத்துக்காரர்களே முதல் வாசகத்தையும் இரண்டாம் வாசகத்தையும் எடுத்துக்கொள்வது பல பங்குகளில் வழக்கம். நற்செய்தியைக் குருவானவரோ திருத்தொண்டரோதான் வாசிப்பார்.

பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாக இப்படி அட்டவணை கிடையாது. பாஸ்டர் ஜெபித்து எடுக்கிற பகுதியே அன்றைய வாசிப்பு. உங்கள் சபை அந்த வகை என்றால், சத்தமாக வாசிப்பதைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பது மட்டும் உங்களுக்கு உதவும்.

இன்று என்ன ஞாயிறு?

அட்டவணையைத் திறந்ததும் தேதியைத் தேடாதீர்கள். திருச்சபை ஆண்டில் அது என்ன ஞாயிறு என்று முதலில் பாருங்கள். வாசிப்புகள் எல்லாம் அந்த ஞாயிற்றின் பெயரோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன.

நம் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளில் முதலாவதான அட்வெந்து ஞாயிற்றில் தொடங்குகிறது. கத்தோலிக்கர் அதைத் திருவருகைக் காலம் என்பார்கள். 2026இல் அது நவம்பர் 29. அதன்பின் கிறிஸ்துமஸ், ஜனவரி 6இல் பிரசன்னத் திருநாள், அதைத் தொடர்ந்து சில ஞாயிறுகள். பிறகு சாம்பல் புதனோடு லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், வருகின்றன. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, உயிர்த்தெழுந்த பண்டிகை, நாற்பதாம் நாளில் பரமேறுதல், ஐம்பதாம் நாளில் பெந்தெகொஸ்தே. பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு திரித்துவத் திருநாள். அதிலிருந்து மறுபடி அட்வெந்து வரைக்கும் நீண்ட பச்சைக் காலம். பீடத்து விரிப்பின் நிறத்தைப் பார்த்தே எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்: அட்வெந்துக்கும் லெந்துக்கும் ஊதா, பெரிய பண்டிகைகளுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற நாட்களுக்குப் பச்சை.

கிறிஸ்துமஸ் நிலையான தேதி. உயிர்த்தெழுந்த பண்டிகை அப்படியல்ல. மார்ச் 21ஐ அடிப்படையாக வைத்து, அன்றோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. அந்த ஒரு நாள் நகர்ந்தால் சாம்பல் புதனிலிருந்து திரித்துவத் திருநாள் வரை எல்லாமே கூடவே நகரும். போன வருஷம் இதே தேதியில் வாசித்ததை இந்த வருஷமும் எடுத்துவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

புதியவர்கள் குழம்புகிற ஓர் இடம் உண்டு. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழியில் வந்த நம் சபைகளில் "திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 5ஆம் ஞாயிறு" என்று எண்ணுகிற பழக்கம் பழையது. வேறு சில அட்டவணைகள் பெந்தெகொஸ்தேயிலிருந்து எண்ணுகின்றன. இரண்டுக்கும் ஒரு வாரம் வித்தியாசம். திரித்துவத்துக்குப் பின் 5 என்றால் பெந்தெகொஸ்தேக்குப் பின் 6. கத்தோலிக்கரோ "பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு" என்று முற்றிலும் வேறொரு எண் சொல்வார்கள். 2026 ஜூலை 5ஆம் தேதிக்கு இந்த மூன்று பெயர்களுமே பொருந்தும். வேறு சபை நண்பரிடம் கேட்டு எண்ணைச் சரிபார்க்காதீர்கள். உங்கள் சபை அட்டவணையில் இருக்கிறபடியே போங்கள்.

பகுதிகள் எப்படிச் சேர்க்கப்பட்டன?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வாசிக்கலாம்தான். பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். தெரிந்து வாசிக்கும்போது வரும் நிச்சயம் அதில் வராது.

சபை கூடிய இடத்தில் வேதத்தைத் திறந்து வாசிப்பது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா மரப்பீடத்தின்மேல் நின்று வாசிக்கிறான். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் புத்தகத்தை வாங்கி வாசிக்கிறார் (லூக்கா 4). இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த யுஸ்தீன், ஞாயிறுதோறும் அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் இடங்கொடுக்கும்வரை வாசிக்கப்பட்டன என்று எழுதி வைத்திருக்கிறார். வாசிப்புக்கு அளவும் வரிசையும் பின்னால் வந்தவை.

அடிப்படையில் வழிகள் இரண்டு. ஒன்று தொடர் வாசிப்பு: ஒரு புத்தகத்தை எடுத்து வாரா வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. மற்றது தெரிந்தெடுத்த வாசிப்பு: பண்டிகைக்கோ தலைப்புக்கோ பொருத்தமான பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்துச் சேர்ப்பது. இன்று இருக்கிற எல்லா அட்டவணையும் இந்த இரண்டையும் ஏதோ ஓர் அளவில் கலந்ததுதான்.

நம் பழைய ஜெபப்புத்தகத்தின் வழி இங்கிலாந்திலிருந்து வந்தது. 1549இல் முதல் பொது ஜெபப்புத்தகத்தைக் கொண்டுவந்த கான்டர்பரிப் பேராயர் கிரான்மர், அதன் முன்னுரையில் ஒரு குறையைச் சொல்கிறார்: அதற்கு முன்பிருந்த ஒழுங்குகளில், வாசிப்பதைவிட எதை வாசிப்பது என்று கண்டுபிடிப்பதற்கே அதிகப் பாடு பட வேண்டியிருந்ததாம். அதனால் எளிமையாக்கினார். 1662ஆம் வருஷத்து ஒழுங்கின்படி, காலையும் மாலையும் வாசித்து வந்தால் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி வருஷத்துக்கு ஒரு தடவையும் புதிய ஏற்பாடு மூன்று தடவையும் முடியும். 150 சங்கீதங்களும் 30 நாட்களுக்குப் பங்கிடப்பட்டு மாதாமாதம் முடியும். மிக நீளமான 119ஆம் சங்கீதம் மட்டும் 24ஆம் தேதி மாலை தொடங்கி 26ஆம் தேதி மாலைதான் முடியும்.

ஆனால் அந்த ஒழுங்கில், திருவிருந்து ஆராதனைக்கு நிருபமும் சுவிசேஷமும் மட்டும்தான். பழைய ஏற்பாடு காலை, மாலை ஜெபத்தோடு நின்றுவிட்டது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, 1950இல் அது வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் பழைய ஏற்பாட்டுப் பாடம் மறுபடி இடம் பெற்றது. இன்று "பழைய ஏற்பாடு நீங்க, நிருபம் அவங்க" என்று சபையாருக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடிகிறதே, அதற்குப் பின்னால் இந்த மாற்றம் இருக்கிறது. இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். தீர்க்கதரிசிகளைக் கேட்காமல் பந்திக்கு வருகிற சபை பாதி கேட்ட சபை.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதேபோல் நடந்தது. அதுவரை ஒரே ஆண்டுச் சுற்று, ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு அபூர்வம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்குத் தாராளமாகத் திறக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1969இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. பாஸ்கா காலத்திலும் (உயிர்த்தெழுந்த பண்டிகைக் காலம்) பெரிய வெள்ளியிலும் அவருடையதை வாசிக்கிறார்கள். மாற்கு சிறிய நற்செய்தி என்பதால் அந்த ஆண்டில் பொதுக்காலத்தின் 17 முதல் 21 வரையான ஐந்து ஞாயிறுகளில் யோவான் 6ஆம் அதிகாரம் வருகிறது.

எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கச் சுலபமான கணக்கு உண்டு. வருஷத்தை 3ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் முதல் ஆண்டு, 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மீதியே இல்லை என்றால் மூன்றாம் ஆண்டு. 2026ஐ வகுத்தால் மீதி 1, ஆகவே மத்தேயு. நவம்பர் 29இலிருந்து மட்டும் 2027ஐ வைத்துக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் திருவழிபாட்டு ஆண்டு அன்றே மாறிவிடுகிறது. பொதுக்கால வாரநாள் திருப்பலிக்கு முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை ஆண்டு, இரட்டைப்படை ஆண்டு என்று மாறும். நற்செய்தி வருஷா வருஷம் அதேதான்.

இந்த மூன்று ஆண்டு முறையைப் பார்த்துத்தான் வட அமெரிக்காவின் பல புரொட்டஸ்டண்ட் சபைகள் கூடி 1983இல் ஒரு பொது அட்டவணையையும் 1992இல் அதன் திருத்திய பதிப்பையும் வெளியிட்டன. இன்று உலகின் பல சபைகளில் அது வழக்கில் இருக்கிறது. நம்முடைய சி.எஸ்.ஐ. அட்டவணையோ ஞாயிற்றுக்கு ஒரு தலைப்பு வைத்து, அதற்கேற்ற பகுதிகளைச் சேர்க்கிற முறையில் நிற்கிறது. தலைப்பு முறையில் மூன்று பாடங்களும் ஒரே பொருளைப் பேசுவதால் பிரசங்கத்துக்கும் பாட்டுத் தெரிவுக்கும் வசதி. ஒரு புத்தகத்தை முழுதாகப் பின்தொடர்கிற அனுபவம் மட்டும் அதில் குறைவு. அந்தக் குறையை வீட்டு ஜெபத்தில் ஒரு சுவிசேஷத்தைத் தொடர்ச்சியாக வாசித்து நிரப்பிக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம்

2026 ஜூலை 5, பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. கத்தோலிக்க அட்டவணையில் இப்படி இருக்கும்: செக்கரியா 9:9-10, திருப்பாடல் 145, உரோமையர் 8:9, 11-13, மத்தேயு 11:25-30.

நற்செய்தியை முதலில் வாசியுங்கள். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை இயேசு அழைக்கிறார். தாம் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருப்பதாகச் சொல்கிறார். பிறகு செக்கரியாவுக்குப் போனால், கழுதையின்மேல் தாழ்மையாய் வருகிற ராஜா நிற்கிறார். யுத்த ரதமும் குதிரையும் அற்றுப்போகும் என்கிறது அடுத்த வசனம். அந்தத் தாழ்மைதான் முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் கட்டுகிற முடிச்சு. முதல் வாசகத்தை வாசிக்கிறவருக்கு இது தெரிந்திருந்தால் "தாழ்மை" வருகிற இடத்தில் தானாகவே ஒரு நிதானம் வரும்.

உரோமையர் பகுதி மட்டும் இந்த முடிச்சில் இல்லை. 9ஆம் ஞாயிறு முதல் 24ஆம் ஞாயிறு வரை உரோமையர் தனியாகத் தொடர்ந்து போகிறது; அதாவது அது தொடர் வாசிப்பு. அதற்கும் நற்செய்திக்கும் பாலம் கட்ட முயன்று களைத்துப் போக வேண்டாம். முந்தின வாரப் பகுதியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அதே ஞாயிற்றுக்கு, அதாவது திரித்துவத்துக்குப் பின் 5க்கு, 1662 ஜெபப்புத்தகத்தில் 1 பேதுரு 3ஆம் அதிகாரமும் லூக்கா 5இல் வலைகளைப் போடச் சொல்கிற பகுதியும் இருக்கின்றன. உங்கள் கையில் உள்ள சி.எஸ்.ஐ. அட்டவணையில் வேறு பகுதி இருக்கக்கூடும். எதுவாக இருந்தாலும் வழி இதுதான்: தலைப்பை வாசி, சுவிசேஷத்தை வாசி, பிறகு உன் பகுதிக்குப் போ. பழைய ஏற்பாடு மட்டும்தானே எனக்கு என்று அதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த முடிச்சைத் தவறவிடுகிறார்கள்.

குறிப்பைப் படிக்கும் விதம்

முக்காற்புள்ளிக்கு முன்னால் அதிகாரம், பின்னால் வசனம். 8:9, 11-13 என்றால் 9ஆம் வசனம் வாசித்து, 10ஐ விட்டு, 11 முதல் 13 வரை. விடுபட்ட வசனத்தைச் "சேர்த்தே வாசிச்சிடுவோம்" என்று வாசிக்காதீர்கள், அட்டவணைப்படி நில்லுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அ, ஆ என்று இருந்தால் வசனத்தின் முதல் பாதி, இரண்டாம் பாதி.

புத்தகப் பெயர்களில் கவனம் வேண்டும். சி.எஸ்.ஐ. சபைகளில் இன்றும் மேடையில் இருப்பது பெரும்பாலும் பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் கையில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். கத்தோலிக்க வாசகத்தில் சீராக்கின் ஞானம், சாலமோனின் ஞானம், மக்கபேயர் வந்தால் பழைய திருப்புதலில் தேடாதீர்கள். அதில் அவை இல்லை.

வீட்டில் ஆயத்தம்

வியாழக்கிழமைக்குள் பகுதியைக் கையில் எடுத்துவிடுங்கள். சனி இரவுக்குத் தள்ளினால் உச்சரிப்பு மட்டும்தான் கைவரும், பொருள் வராது.

பழைய திருப்புதலில் மேற்கோள் குறி கிடையாது. ஒருவர் பேசத் தொடங்குகிற இடம் எது என்று அச்சு காட்டாது. "என்றான்" என்று முடியும்போதுதான் பேச்சு முடிந்தது என்றே தெரியும். ஆதியாகமம் 22, யோவான் 4 போன்ற பகுதிகளில் மாறி மாறிப் பேச்சு வரும். ஒரு தாளில் எழுதியோ பிரதி எடுத்தோ, பேச்சு தொடங்கும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். அங்கே ஒரு மூச்சு நிறுத்தினால் கேட்பவர் யார் பேசுகிறார் என்று பிடித்துக்கொள்வார்.

வாக்கியங்களும் நீளம். பவுலின் நிருபங்களில் ஒரே வாக்கியம் நான்கு வசனம் ஓடும். வசன எண் வந்த இடத்திலெல்லாம் நிறுத்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். எண்கள் தேடுவதற்கு வைத்தவை, நிறுத்துவதற்கு அல்ல. வினைமுற்று எங்கே இருக்கிறதோ அங்கே மூச்சு.

பகுதியின் முதல் வரியைச் சோதித்துப் பாருங்கள். "அப்பொழுது அவன் அவர்களை நோக்கி" என்று தொடங்கினால் எவன், எவர்களை என்று கேட்பவருக்குத் தெரியாது. கத்தோலிக்க வாசக நூலில் "அக்காலத்தில் இயேசு" என்று பெயரோடு தொடங்கும்படி அமைத்துவிடுவார்கள். நேரடியாக வேதாகமத்திலிருந்து வாசிக்கிற நாம் வசனத்தில் கை வைக்க வேண்டாம். ஐயரிடம் கேட்டுக்கொண்டு, வாசிப்புக்கு முன்னால் ஒரே ஒரு வரி சொல்லலாம்: "பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனங்களுக்கு எசேக்கியேல் சொன்னது." அதற்கு மேல் விளக்கம் கூடாது. அது பிரசங்கியாரின் வேலை.

பெயர்களைப் பலமுறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பெந்தெகொஸ்தே ஞாயிறு நடபடிகள் 2 உங்களுக்கு வந்தால் பார்த்தர், மேதர், எலாமீத்தர், கப்பத்தோக்கியா, பிரிகியா, பம்பிலியா எல்லாம் வரிசையாக நிற்கும். நிதானமாக, ஒவ்வொன்றும் ஓர் ஊர்க்கூட்டம் என்ற நினைவோடு சொன்னால் திக்காது. நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகப் போவது சகஜம். "எளுந்தான்" என்று வாயில் வந்துவிடும். மேடையில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மற்றபடி குரலை மாற்றி, நாடகத்தில் பேசுவதுபோல் இழுத்து வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் குரலே போதும்.

சங்கீதத்தில் "சேலா" வந்தால் வாசிக்காமல் கடப்பது வழக்கம். நடத்துகிறவர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாற்றி வாசிக்கிற இடத்தில், சபை முடிக்கும் முன்னால் நீங்கள் தொடங்கிவிடாதீர்கள்.

ஞாயிறு காலை

முதல் மணிக்கே போய்விடுங்கள். மேடையில் இருக்கும் வேதாகமத்தைத் திறந்து பகுதியை எடுத்து, நாடாவை வைத்துவிட்டு வாருங்கள். வீட்டு வேதாகமத்தில் பழகிய பக்கமும் மேடையிலிருக்கும் பெரிய எழுத்து வேதாகமத்தின் பக்கமும் ஒன்றாக இருக்காது. ஆனி, ஆடி மாதங்களில் ஜன்னல் திறந்திருக்கிற கிராமத்துக் கோயில்களில் காற்று மெல்லிய தாளைப் புரட்டிப் போட்டுவிடும். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கிளிப் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பார்த்து வாசிக்க வேண்டாம். சபை அந்தப் புத்தகத்துக்கு முன்னால்தான் கூடியிருக்கிறது.

அறிவிப்பதற்கு ஒரு வரிசை உண்டு: புத்தகம், அதிகாரம், வசனம். சி.எஸ்.ஐ. சபைகளில் சனம் கையோடு வேதாகமம் கொண்டுவந்து கூடவே திருப்பிப் பார்க்கும். ஆகவே அறிவித்துவிட்டு, தாள் புரளும் சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். இன்னொரு தடவை எண்ணைச் சொன்னாலும் தவறில்லை. கத்தோலிக்கக் கோயிலில் மக்கள் பெரும்பாலும் கேட்கத்தான் செய்வார்கள், புத்தகம் பார்ப்பதில்லை. அங்கே உங்கள் தெளிவு ஒன்றுதான் அவர்களுக்குத் துணை. முடித்ததும் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லிச் சபையின் பதிலுக்கு நில்லுங்கள். மற்ற சபைகளில் முடிக்கிற வாசகம் சபைக்குச் சபை மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சுவிசேஷம் வாசிக்கப்படும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

கரண்ட் போய் மைக் நின்றால் பதற வேண்டாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியைப் பார்த்துச் சத்தமாகத் தொடருங்கள்.

தனி ஒழுங்கு உள்ள நாட்கள்

பெரிய வெள்ளிக்குத் தனியாக ஆயத்தம் தேவை. பகல் 12 முதல் 3 வரை நடக்கும் மும்மணி ஆராதனையில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் வாசிப்பதும் ஏழு பேர் செய்தி கொடுப்பதும் நம் ஊர்களில் வழக்கம். பகுதிகள்: லூக்கா 23:34, லூக்கா 23:43, யோவான் 19:26-27, மத்தேயு 27:46, யோவான் 19:28, யோவான் 19:30, லூக்கா 23:46. நான்காம் வார்த்தை மாற்கு 15:34இலும் இருக்கிறது. ஒவ்வொருவரும் அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசிக்காமல், முன்னும் பின்னும் சில வசனங்களையும் சேர்த்து எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பகுதியை இரண்டு பேர் வாசிக்க நேரும். கத்தோலிக்கக் கோயிலில் அன்று எசாயா 52:13 முதல் 53:12 வரையும், யோவான் 18, 19 அதிகாரங்களும் வருஷா வருஷம் மாறாமல் வரும். மறுநாள் இரவு பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு வாசகங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. படைப்பு, செங்கடல் என்று அது மீட்பின் கதையை ஒரே இரவில் நடந்து கடக்கிற ஒழுங்கு. அதில் ஒரு வாசகம் உங்களுக்குக் கிடைத்தால் நல்ல பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையில் ஒன்பது பாடங்கள் வாசிக்கிற முறை 1880இல் இங்கிலாந்தின் துரூரோவில் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியால் உலகெங்கும் பரவியது. ஆதியாகமம் 3இல் ஆதாம் ஏவாளின் விழுகையில் தொடங்கி யோவான் 1இல் முடியும். சிறு பிள்ளை முதல் போதகர் வரை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒருவர் என்று வைப்பது அதன் அழகு.

அறுப்பின் பண்டிகை, பிரதிஷ்டைப் பண்டிகை போன்ற நம் ஊர் நாட்களில் ஐயர் அந்த நாளுக்கேற்ற பகுதியைக் குறித்துக் கொடுப்பார். அறுப்புக்கு உபாகமம் 26இல் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிற பகுதியும், பிரதிஷ்டைக்கு 1 இராஜாக்கள் 8இல் சாலொமோனின் ஜெபமும் நல்ல பொருத்தம். கத்தோலிக்கப் பங்கில் பாதுகாவலர் திருவிழா பொதுக்கால ஞாயிற்றில் வந்தால் அதன் வாசகங்களை எடுக்கலாம். திருவருகை, தவக்காலம், பாஸ்கா காலத்து ஞாயிறுகளில் ஞாயிற்றின் வாசகமே நிற்கும்.

முறை போடுகிற பொறுப்பு வந்தால்

ஒரு சேகரத்தில் (ஒரே ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) பல கோயில்கள், ஐயர் ஒருவர்தான். அவர் மாதத்துக்குச் சில ஞாயிறுகள்தான் உங்கள் ஊருக்கு வருவார், மற்ற நாட்களில் சபை ஊழியர்தான் நடத்துவார். ஆகவே வாசிக்கிறவர்களின் முறைப் பட்டியல் ஊரிலேயே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். ஞாயிற்றின் பெயர், தலைப்பு, பகுதி, வாசிக்கிறவர் பெயர், அவர் வராவிட்டால் யார் என்று ஐந்து கட்டம் போதும். கோயில் வாசலில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள்.

நன்றாக வாசிக்கிற நாலு பேருக்கே திரும்பத் திரும்பக் கொடுக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் அதற்கு முழுவதும் எதிரானவன். பீடி சுற்றுகிற அக்காவும் பனையேறுகிற அண்ணனும் கல்லூரிப் பிள்ளையும் மாறி மாறி வாசிக்கிற சபையில்தான் வேதம் எல்லாருக்கும் சொந்தம் என்று விளங்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவருக்குச் சிறிய பகுதியைக் கொடுத்து, ஒரு மாலை நீங்களே கூட உட்கார்ந்து பழக்குங்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நெடுங்காலமாக இருப்பதால் நம் சபைகளில் பிரெயில் வாசிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பிரெயில் வேதாகமம் பல பெரிய தொகுதிகளாக வருவதால், எந்தத் தொகுதியைக் கொண்டுவருவது என்று அவர்களுக்குத் தெரியும்படி பகுதியை நாலைந்து வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பட்டியல் போடும்போது அடுத்த காலாண்டில் உயிர்த்தெழுந்த பண்டிகையோ அட்வெந்தோ வருகிறதா என்று முதலில் பாருங்கள். அட்வெந்து வந்தால் புதிய அல்மனாக் வேண்டும். பழையதை வைத்து டிசம்பரை நிரப்பிவிடாதீர்கள்.